இரண்டாவது கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் பகுதியில் ஒருவர், சிங்கப்பூரின் அரசமைப்புச் சட்டமெல்லாம் வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம், நமக்கு அரிசி விலையும் பேருந்துக் கட்டணமும் போதும் என்று எழுதியிருந்தார். அவரோடு சண்டை பிடிக்க வரவில்லை. அரிசி விலை எனக்கும் கவலைதான். ஆனால் நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். அப்புறம் ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்தில் ஒன்பது வருஷம் பொருளாளர். விதி என்று ஒன்று எழுதி வைத்திருந்தால் அது எப்போது நிற்கும், எப்போது படுத்துவிடும் என்று கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

சங்கத்தின் பெயர் வேண்டாம். நூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள், வருஷத்துக்கு இரண்டு நிகழ்ச்சி, வங்கியில் சில ஆயிரம் வெள்ளி. பதிவு செய்தபோது எழுதிக் கொடுத்த விதிப் புத்தகம் நீல அட்டையில் பதினாறு பக்கம் வரும். ஆங்கிலத்தில் நாட்டின் சட்டத்துக்கும் இந்தப் பதினாறு பக்கத்துக்கும் ஒரே பெயர்தான், கான்ஸ்டிடியூஷன். எந்தக் காசோலையிலும் பொருளாளர் ஒரு கையெழுத்து, தலைவரோ செயலாளரோ இன்னொரு கையெழுத்து போட வேண்டும் என்று அதில் இருக்கிறது. எல்லாச் சங்கத்திலும் இருப்பதுதான்.

எங்கள் தலைவர் என்னைவிடப் பத்து வயது சிறியவர், ஓடியாடி வேலை செய்பவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். "அக்கா, ஒவ்வொரு கையெழுத்துக்கும் உங்களைத் தேடி ஹவ்காங் வரைக்கும் வர முடியலை. ஒரு பத்து செக்கில் போட்டுக் கொடுத்திடுங்களேன்" என்றார். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து, தேதி இல்லாமல், தொகை இல்லாமல், பத்திலும் போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நல்ல மனிதர், நம்ம தம்பி மாதிரி.

ஏழு காசோலை ஒழுங்காகத்தான் போயின. மண்டப வாடகை, ஒலிபெருக்கி, பிள்ளைகளுக்குக் கோப்பை, இப்படி. எட்டாவது, 2,800 வெள்ளி, ஒரு விருந்துக்குச் சமையல்காரருக்குக் கொடுத்த முன்பணம். அப்படி ஒரு விருந்தைச் செயற்குழு முடிவே செய்யவில்லை. விருந்தும் நடக்கவில்லை, முன்பணமும் திரும்பவில்லை. தலைவர் சல்லிக்காசு எடுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். செயற்குழு எப்படியும் சரி என்று சொல்லும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். கணக்காய்வாளர் காசோலையின் நகலைக் காட்டி, "இரண்டு கையெழுத்தும் இருக்கிறதே, அம்மா?" என்று கேட்டார். கையெழுத்து இருந்தது. போட்டவளுக்குத்தான் எதற்கென்று தெரியாது. தப்பில் பாதி என்னுடையது.

விதி அப்படியேதான் இருந்தது, ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதன் காரியம் மட்டும் நின்றுபோயிருந்தது.

இப்போது பெரிய வீட்டுக்கு வருகிறேன். நம் அரசமைப்புச் சட்டத்திலும் இரண்டு கையெழுத்து உண்டு. 1991-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி அதிபரை மக்கள் தேர்ந்தெடுக்கிறோம். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த நிதியிருப்பில் கை வைக்க வேண்டுமென்றால் இப்போதைய அரசாங்கம் மட்டும் முடிவு செய்ய முடியாது, அதிபரும் சம்மதிக்க வேண்டும். முக்கியமான பதவி நியமனங்களுக்கும் அப்படியே. இரண்டு சாவி என்று சொல்வார்கள். எனக்கு அது காசோலைதான்.

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அதிபர் ஓங் டெங் சியோங். 1993-ல் வந்தார். வந்ததும் நியாயமான கேள்வியைக் கேட்டார்: நான் காவல் காக்க வேண்டிய சொத்து எவ்வளவு, எங்கே இருக்கிறது? அசையாச் சொத்துகளுக்கெல்லாம் வெள்ளிக் கணக்கில் மதிப்புப் போட்டுக் கொடுக்க 56 ஆள்-ஆண்டுகள் பிடிக்கும் என்று பதில் வந்தது. ஒரே ஆள் செய்தால் 56 வருஷம். கடைசியில் மதிப்பு வேண்டாம், பட்டியலாவது கொடுங்கள் என்ற அளவில் நின்றது. 1999-ல் பதவியை விட்டுப் போகும்போது செய்தியாளர்களைக் கூட்டி இதையெல்லாம் அவரே சொன்னார். அரசாங்கம் தன் பக்கத்து விளக்கத்தையும் நாடாளுமன்றத்தில் கொடுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் வங்கிப் புத்தகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடச் சொன்னால் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவருக்குப் பேனாவோடு சேர்த்து ஐந்தொகையும் கொடுக்க வேண்டும்.

அதே சாவி ஒழுங்காகத் திரும்பியதும் உண்டு. 2009-ல் உலகமே நிதி நெருக்கடியில் இருந்தபோது, வேலைகளைக் காப்பாற்றவும் நிறுவனங்களுக்குக் கடன் கிடைக்கச் செய்யவும் அரசாங்கம் கேட்டது 4.9 பில்லியன் வெள்ளி. சம்மதம் கொடுத்தவர் அன்றைய அதிபர், நம் எஸ் ஆர் நாதன். எடுத்தது சுமார் 4 பில்லியன். 2011-ல் அதைத் திரும்பவும் போட்டுவிட்டார்கள். திருப்பிப் போட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கொவிட் வந்தபோது அதிபர் ஹலிமா யாக்கோப் 2020-ல் ஒப்புக்கொண்டது 52 பில்லியன் வரை. நாடே வீட்டுக்குள் முடங்கிய அந்தச் சர்க்யூட் பிரேக்கர் மாதங்களில் என் மருமகனுக்குச் சம்பளம் நிற்காமல் வந்ததற்கு அரசாங்கம் முதலாளிகளுக்குக் கொடுத்த வேலை ஆதரவுத் தொகை ஒரு காரணம். ஆக, அரிசி விலை வேறு, அரசமைப்பு வேறு என்று எழுதிய அன்பர் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இனி ஹவ்காங். நான் ஈசூனுக்கு வந்தது 2015-ல். அதற்கு முன் ஹவ்காங்கில் மூவறை வீடு. 2012 பிப்ரவரியில் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை அவர் கட்சியே நீக்கிவிட்டது. கட்சி நீக்கினால் பதவியும் போகும், அது பிரிவு 46. சரி, இடைத்தேர்தல் எப்போது? அதைத் தாம் முடிவு செய்வதாக அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். குறிப்பிட்ட கெடு எதுவும் சட்டத்தில் இல்லை என்பது அரசாங்கத்தின் நிலை. கீழே கோப்பிக்கடையில் இதே பேச்சு. பக்கத்து புளோக் சீனப் பாட்டி ஒருவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதை இப்போது யாரிடம் காட்டுவது என்று என்னிடம் கேட்டார். நான் பள்ளி எழுத்தர், எனக்கென்ன தெரியும்? படித்துச் சொல்லி அனுப்பினேன்.

அப்போதுதான் எங்கள் தொகுதியிலேயே ஒரு தமிழ்ப் பெண்மணி நீதிமன்றத்துக்குப் போனார். துப்புரவு வேலை செய்பவர். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. சட்டம் படிக்கும் பிள்ளைகள் அந்த வழக்கை அவர் பெயரைச் சொல்லித்தான் படிக்கிறார்கள், தேடினால் கிடைக்கும். காலியான இடத்தை நிரப்புவதும் நிரப்பாமல் விடுவதும் பிரதமரின் இஷ்டமா என்பதுதான் அவர் கேள்வி.

வழக்கு முழுக்க ஒரே வாக்கியத்தின் மேல் நின்றது. பிரிவு 49. ஓர் உறுப்பினரின் இடம் காலியானால் அது தேர்தல் வழியாக நிரப்பப்பட வேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை நாளுக்குள் என்று இல்லை. அந்த 'வேண்டும்' யாரைக் கட்டுகிறது, எப்படிக் கட்டுகிறது என்று இரண்டு நீதிமன்றங்கள் ஆராய்ந்தன. அரசாங்கத்தின் வாதம், அது எப்படி நிரப்புவது என்பதைத்தான் சொல்கிறது, நிரப்பியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை என்பது. 2012 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அதற்குள் மே 26-ல் இடைத்தேர்தலும் நடந்து முடிந்து நாங்கள் வாக்களித்துவிட்டோம். வேறு யாராக இருந்தாலும் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அந்த அம்மா மேல்முறையீடு செய்தார்.

2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் முடிந்துவிட்டதால் அவருக்கென்று கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் நீதிபதிகள் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். தொகுதி மக்களின் குரலாக நாடாளுமன்றத்தில் ஒருவர் இருக்க வேண்டும், காலியான இடத்தை நியாயமான காலத்துக்குள் நிரப்பியாக வேண்டும், நிரப்புவதா வேண்டாமா என்ற கட்டற்ற அதிகாரம் பிரதமருக்குக் கிடையாது. எந்தக் காலம் நியாயமானது என்பது சூழ்நிலையைப் பொறுத்தது, அதில் பிரதமருக்கு இடம் உண்டு என்றும் சொன்னார்கள்.

மாப்பு பிடிக்கிற கை ஒரு பிரதமரின் அதிகாரத்துக்கு எல்லைக்கோடு கேட்டு வாங்கியது. இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. அந்த நாட்களில் கோப்பிக்கடையில் சிலர் அவரைப் பற்றிச் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். "இந்த அம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டவர்களில் தமிழர்களும் உண்டு. நானும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தவள்தான்.

ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லா வாசலுக்கும் வரவில்லை. 2017-ல் ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலில் நிற்க விலகியபோது மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியில் ஓர் இடம் காலியானது. குழுத்தொகுதி என்றால் பல உறுப்பினர்கள் ஓர் அணியாக நின்று வெல்லும் தொகுதி. இடைத்தேர்தல் இல்லை. அங்கே குடியிருந்த ஒருவர் வழக்குப் போட, 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குழுத்தொகுதியில் எல்லா உறுப்பினர்களும் போனால்தான் இடைத்தேர்தல் என்று முடித்துவிட்டது. 2023-ல் தர்மன் சண்முகரத்னம் அதிபர் தேர்தலுக்காக விலகியபோது ஜூரோங் குழுத்தொகுதியிலும் அதே கதை. குழுத்தொகுதி 1988-ல் வந்ததே சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மையினர் ஒருவராவது நின்றாக வேண்டும். ஆனால் வென்றபின் அந்த ஒருவரே போய்விட்டால் இடம் காலியாகவே இருக்கலாம். சட்டப்படி சரிதான், தீர்ப்பின் காரணங்களையும் வாசித்தேன். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. குடை கொடுத்துவிட்டு மழை வரும்போது மடக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது.

நீதிமன்றத்தில் வாங்கிய எல்லையும் கல்லில் வெட்டியது இல்லை. 1988 டிசம்பரில், விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களின் வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம், எல்லா அதிகாரத்துக்கும் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு, அதை நீதிமன்றம் பார்க்கலாம் என்று சொன்னது. அடுத்த மாதமே, 1989 ஜனவரியில், நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தி, அந்த விஷயத்தில் நீதிமன்றம் எதுவரை பார்க்கலாம் என்பதைக் குறுக்கிவிட்டது. இந்தியாவில் 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில், அரசமைப்பின் அடிப்படை அமைப்பில் நாடாளுமன்றமே கை வைக்கக் கூடாது என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம். இங்கே 1989-ல் உயர் நீதிமன்றத்தில் அந்த வாதத்தை வைத்தபோது அது எடுபடவில்லை.

அரசமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், நம்மிடம் இருப்பது அந்த விதிதான். சுதந்திரம் கிடைத்த புதிதில் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஆக்கியிருந்தார்கள், 1979-ல்தான் மூன்றில் இரண்டு பங்கு என்ற விதி திரும்ப வந்தது. கேட்க உயரமான சுவர் மாதிரி இருக்கும். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஆளுங்கட்சிக்கு அதற்குக் குறைவாக இருந்ததே இல்லை. 2025 மே மாதத் தேர்தலில்கூட 97 இடங்களில் 87. எட்டடி ஆளுக்கு நாலடி வேலி. நிஜமாகவே உயரமான சுவர் என்று எனக்குத் தெரிந்தது பிரிவு 6-ல் இருக்கிறது. நாட்டின் இறையாண்மையையோ, காவல் படை, ஆயுதப் படை மீதான கட்டுப்பாட்டையோ விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் பொது வாக்கெடுப்பு நடத்தி, பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்க வேண்டும். அங்கே உறுப்பினர்கள் கை தூக்கினால் மட்டும் போதாது, உங்களையும் என்னையும் கேட்க வேண்டும்.

மூன்றில் இரண்டு பங்கு என்றதும் எனக்கு எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஞாபகம் வருகிறது. 2,800 வெள்ளிக்குப் பிறகு வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலைவருக்கு வருத்தம், செயலாளருக்குக் கோபம். அடுத்த பொதுக்கூட்டத்தில், ஐயாயிரம் வெள்ளி வரை தலைவர் கையெழுத்து ஒன்றே போதும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறை, குளிர்சாதனம் சரியாக வேலை செய்யவில்லை. வந்திருந்தவர்கள் 43 பேர். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 29 வேண்டும். நான் எழுந்து, தலைவர் நல்லவர், ஆனால் இந்த விதி நாளைக்கு வருகிற தலைவருக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. கைகளை எண்ணினோம். 27.

திருத்தம் தோற்றதற்கு என் பேச்சுதான் காரணம் என்று நினைத்து இரண்டு நாள் பெருமையாக இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது. திருத்தத்துக்கு ஆதரவான மூன்று பேர் அந்த நேரம் வெளியே வடை எடுக்கப் போயிருந்தார்களாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று பிரிவு 153ஏ சொல்கிறது. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம் என்று பிரிவு 53 சொல்கிறது. பொங்கல் மேடைகளில் இதை வருஷா வருஷம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த இரண்டு பிரிவுகளுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்பதையும் உங்கள் நாளிதழ் வாரம் ஒரு பிரிவாக எளிய தமிழில் போடலாமே? அரைப் பக்கம் வேண்டாம், சினிமாச் செய்திக்குப் பக்கத்தில் ஒரு கால் பத்தி கொடுத்தாலே போதும். கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற பிரிவு 9, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற பிரிவு 12, இவற்றை என் பேரன் உயர்நிலை மூன்றில் கேட்டபோது ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்துத்தான் அவனுக்குச் சொன்னேன். 'ஷல்' என்ற வார்த்தைக்கு 'வேண்டும்' என்று போடுவதா, 'தீர வேண்டும்' என்று போடுவதா என்று எங்களுக்குள் அரை மணி நேர விவாதம். அந்த வழக்கும் ஏறக்குறைய இதைத்தானே விவாதித்தது என்று அவன் சிரித்தான்.

பிரிவு 49-லிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. தட்டச்சுக்கு ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். முரசு அஞ்சல் மென்பொருளில் முப்பது நிமிடத்தில் ஒரு பக்கம் அடித்துவிடுவேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர்,
ஈசூன்